31/6-க்கு எதிரே நின்ற நாவல் மரம்

பாத்தீயளா, நீங்களும் அதத்தான் கேக்கீய. ரூமுக்குள்ள காலெடுத்து வச்சு ரெண்டு நிமிசம் ஆகல, "இந்த மரமெல்லாம் யாரு சார் செஞ்சது"ன்னு கேட்டாச்சு. ரயிலு ஓடுது தம்பி. உங்க கண்ணு முன்னாலதான் ஓடுது. எஞ்சின், பின்னால அஞ்சு பெட்டி, அதுக்கும் பின்னால கட்டை ஏத்துன வேகன் ஒண்ணு. மூணு வருசம் இந்த மாடியில குனிஞ்சு குனிஞ்சு என் இடுப்பு போச்சு. தண்டவாளம் நான் போட்டது. ஜல்லி நான் போட்டது, டீ வடிகட்டியில சலிச்சு சலிச்சு. கைகாட்டி பாருங்க, இந்த சுவிட்ச அமுக்குனா இறங்கும். அமுக்குங்க. இறங்குதுல்லா? இந்தக் கைகாட்டி யாரு செஞ்சதுன்னு இதுவரைக்கும் ஒருத்தர் கேட்டதில்ல. எனக்குக் கோவம் வருமா வராதா?

உக்காருங்க. அந்த ஸ்டூல் வேண்டாம், ஆடும். இதுல உக்காருங்க. கோயம்புத்தூர்லருந்து மரத்துக்காகவே வந்திருக்கீய, சும்மா அனுப்ப முடியுமா? சொல்லுதேன். மரம் செஞ்சவன் இப்ப வாரதில்ல. செத்துக் கித்துப் போகல, இருக்கான். வாரதில்ல, அவ்வளவுதான். நன்றி கெட்ட பய. அத நான் சொல்ல வேண்டாம், கேட்டு முடிச்சிட்டு நீங்களே சொல்லுவீய.

நான் ரயில்வேயில இருப்புப்பாதை இன்ஸ்பெக்டரா இருந்தவன். குற்றாலிங்கம்னா அந்தக் காலத்துல மலையடிவாரத்து லைன் பூரா நடுங்கும். அப்ப மீட்டர் கேஜு. கொம்பையா எனக்குக் கீழ கீமேன். கீமேன்னா தெரியும்லா? சுத்தியலத் தோள்ல போட்டுக்கிட்டு, அவனுக்குன்னு உள்ள ஆறு கிலோமீட்டரத் தெனமும் நடந்து பாக்கணும், கழண்டது எல்லாத்தயும் அடிச்சு இறுக்கணும். இவனுக்கு இருபத்தெட்டுலருந்து முப்பத்துநாலு. முப்பது வருசம் அதே ஆறு கிலோமீட்டர்தான், போகவும் வரவும். நான் இங்க போட்டிருக்கதும் அதே லைன்தான். நெசத்துல எம்பத்தேழுல ஒரு பங்கு அளவு. அந்த அளவுல ஆறு கிலோமீட்டரையும் போட்டா எழுபது மீட்டர் ரூம் வேணும், அதுக்கு எங்க போக? அதனால முக்கியமான இடத்த மட்டும் எடுத்தேன். எடுத்த இடத்துக்கெல்லாம் கம்பத்துல நம்பர் எழுதி நட்டேன். இந்தா, 29/2. முப்பதுக்கு அந்தாண்ட 31/6. முப்பத்தோராவது கிலோமீட்டர், ஆறாவது தந்திக் கம்பம். ரயில்வேக்காரன் எடத்தச் சொல்லுததே இப்படித்தான். பொண்டாட்டி பிள்ளை பொறந்த நாள் மறந்தாலும் மறப்பான், கம்பத்து நம்பர மறக்கமாட்டான்.

மொதல்ல மரமும் நான்தான் செஞ்சேன். பழைய மெத்தை ஸ்பாஞ்ச என் வீட்டுக்காரி மிக்ஸியில போட்டு அரைச்சு, பச்சை மை ஊத்தி, கம்பியில ஒட்டி நட்டேன். பொம்மை ரயில் பைத்தியம் உள்ளவங்க நாங்க ஒரு இருபது பேர் சங்கம் வச்சிருக்கோம், திருநெல்வேலியில. அதுல ஒருத்தன் வந்து பாத்துட்டு, "என்ன சார், லைன் ஓரமா காலிபிளவர் போட்டிருக்கீய"ன்னான். சிரிக்காதீங்க. நான் அன்னைக்கு ராத்திரி சாப்பிடல.

அப்புறந்தான் கொம்பையா நெனப்பு வந்துது. ரிட்டயராகி சும்மா கெடந்தான். ஆள் அனுப்பினேன், மறுநாளே வந்துட்டான். நான் கூப்பிட்டா வருவான். தரையில உக்காந்தான். நான் உக்காரச் சொல்லல, அவனாத்தான் உக்காந்தான், அதெல்லாம் அவுகளுக்கே தெரியும். நான் அவன எவ்வளவு நல்லா வச்சிருந்தேன்னு கேளுங்க. அவனுக்குன்னு தனியா ஒரு எவர்சில்வர் தம்ளர் எடுத்து வச்சேன். இந்த வீட்டுல வேற யாரும் அதத் தொடமாட்டாவ. எத்தனை பேரு செய்வான் அந்த மரியாதைய?

என் மரத்தப் பாத்தான். "இது என்ன மரம்யா?"ன்னான்.

"மரம்ல."

"மரம்னா வேம்பா, புங்கையா, இலுப்பையா?"

"ஏதோ ஒரு மரம். வெறும் மரம்."

"அய்யா, வெறும் மரம்னு ஒரு மரம் நம்ம லைன்ல கெடையாதே"ன்னான். எனக்குச் சுருக்குன்னுது. கீமேன் வந்து இன்ஸ்பெக்டருக்குச் சொல்லிக் குடுக்கான்! இருந்தாலும் பொறுத்துக்கிட்டேன். காரியம் ஆகணும்லா?

மறுநா ஒரு மஞ்சப்பை நெறைய என்னவெல்லாமோ கொண்டாந்தான். தும்பைச் செடி வேரு, காஞ்ச நாயுருவி, எரிஞ்சுபோன மோட்டார்லருந்து செம்புக் கம்பி, தேங்கா நாரு. கம்பிய முறுக்கி அடிமரம் பண்ணி, மேல போகப் போகப் பிரிச்சு கொப்பாக்கி, மரத்தூளையும் சாம்பலையும் பசையில கொழச்சுப் பூசி, அது காயுததுக்குள்ள ஊசியால கீறுவான். வேம்புக்கு ஒரு கீறல், புளிக்கு ஒரு கீறல். முள்ளு நெறைஞ்ச உடைமரத்துக்கு நார சீப்பு போட்டுச் சீவி, மேல ரெண்டே சிட்டிகை இலைத்தூள் தூவுவான். "இன்னும் போடுல"ன்னா, "உடைமரத்துக்கு நெழலே கெடையாதுய்யா"ம்பான். எல்லா மரத்துலயும் கீழ்க்கொப்புல ஒரு ஒசரம் வரைக்கும் இலை வைக்கமாட்டான். ஏன்னு கேட்டேன். ஆடு கடிக்கிற ஒசரமாம். பாருங்க, குனிஞ்சு பாருங்க. எல்லா மரமும் ஒரே மட்டத்துல மொட்டையா இருக்கா? பாக்குதவன் அங்கதான் விழுந்துருதான்.

கட்டை செய்யுததும் அப்படித்தான். மஞ்சணத்திக் குச்சி, புளியங்குச்சி, ஒவ்வொண்ணாப் பொறுக்கி, மஞ்சளும் உப்பும் போட்டு அவிச்சு மொட்டைமாடியில காயப்போடுவான். இல்லன்னா வண்டு தொளைச்சு மாவாக்கிரும். கத்தி தொடமாட்டான். கத்தியால வெட்டுனா முனை நசுங்கிருமாம். ஆக்ஸா பிளேடுல அறுப்பான். அறுத்த முகத்துக்கு வெளிறுன மஞ்சள், ஓரத்துல பட்டைக்குக் கறுப்பு, நடுவுல ஊசியால வளையம். அந்த வேகன்ல இருக்கது பூரா அவன் அறுத்த கட்டைதான். எண்ணிப் பாருங்க, பதினாலு. ஒண்ணுல மட்டும் கவட்டை இருக்கும். "ஏன்ல பதினாலு, இருபதா வையேன், வேகன் நெறைஞ்சாப்ல இருக்கும்"னேன். "அன்னைக்குப் பதினாலுதாம்யா"ன்னான். என்னைக்குன்னு நான் கேக்கல. எனக்கு எஞ்சின் வேலை இருந்துது.

சங்கத்துல பொம்மை ரயில் எக்ஸிபிஷன் வச்சாவ, அதுக்கு ரெண்டு மாசம் இருக்கையில சங்கத்து ஆளுங்க வந்து பாத்தாவ. ஒருத்தன்கூட ரயிலப் பாக்கல. ஓடுத ரயில விட்டுட்டு நிக்குத மரத்தப் பாக்கானுவ! "சார், இந்தப் புளியமரத்துல காக்கா உக்காரும் சார்"ங்கான் ஒருத்தன். கொம்பையா மூலையில நின்னு பல்லக் காட்டுதான். வயித்தெரிச்சல்னு நெனைக்காதீங்க. நியாயத்தச் சொல்லுதேன். ரயில் இல்லாம மரத்துக்கு என்ன வேலை?

கடைசியா ஒரு மரம், அத மட்டும் இங்க வச்சு செய்யமாட்டேன்னுட்டான். வீட்டுல வச்சே செஞ்சான், ஒன்றரை மாசம். மத்த மரமெல்லாம் ரெண்டு நாளைக்கு ஒண்ணு செய்தவன். ஒருநா காலையில செருப்பு டப்பாவுல வச்சு, மேல துண்டப் போட்டு மூடி, பச்சைப் பிள்ளையத் தூக்கியாராப்ல கொண்டாந்தான். நேரா 31/6-க்குப் போனான். நான் நம்பர் எழுதுன கம்பத்துக்கு எதுத்தாப்ல ஊனினான். நாவமரம். தம்பி, பொய் சொல்லக்கூடாது, நானே மலைச்சுப் போயிட்டேன். ஒரு சாண் ஒசரம்தான், நின்னா அப்படியே நிக்கு. அப்புறம், "அய்யா, எக்ஸிபிஷனுக்கு முப்பிடாதியக் கூட்டியாரலாமா?"ன்னான். முப்பிடாதி அவன் தம்பி பொண்டாட்டி. தம்பி போயிச் சேந்து இருபத்திரண்டு வருசம். "கூட்டியா, டிக்கெட்டு கிடையாது"ன்னு சிரிச்சேன். எனக்கு அப்பக்கூட ஒண்ணும் தோணல பாருங்க. அவ்வளவு வெள்ளை மனசு எனக்கு.

அவன் போனதும் லென்ஸ வச்சுப் பாத்தேன். லைன் பக்கம் நீட்டிக்கிட்டிருந்த கொப்பு முறிஞ்சிருக்கு. முறிஞ்ச எடத்துல உள்மரம் வெளுப்பாத் தெரியுது, ஒரு இணுக்குப் பட்டை கிழிஞ்சு தொங்குது. லென்ஸ வச்சிட்டு ரூம் கதவச் சாத்துனேன். ஏன்னா எக்ஸிபிஷனுக்குத் தலைமை விருந்தாளி யாரு தெரியுமா? எங்க பெரிய ஆபீஸரு. எம்பது வயசு. அந்தக் காலத்துல 31/6 விசாரணைய நடத்துனதே அவருதான்.

என்ன விசாரணையா? சொல்லுதேன், ஒளிக்க ஒண்ணுமில்ல.

ஆனி மாசம். சாரல் தொடங்கியாச்சு. மேலதிகாரிங்க எல்லாரும் தனி ரயில்ல வந்து லைனப் பாக்குத இன்ஸ்பெக்ஷன் மறுநா காலையில. 31/6-ல ஒரு நாவமரம், நம்ம வேலிக்கு உள்ள நிக்கு. ஒரு கொப்பு வேலியத் தாண்டி வயக்காட்டுப் பக்கம், அதுல கொத்துக் கொத்தாப் பழம். இன்னொரு கொப்பு லைன் மேல நீட்டிக்கிட்டு. அதிகாரி வண்டியில கொப்பு உரசுனா என் கதி என்ன? லைன் வேலை செய்யுத கேங்குல மரம் ஏறுதவன் கொம்பையாவோட தம்பி பலவேசம். "ஏறி வெட்டுல"ன்னேன். "அய்யா, இது நாவமரம், நனைஞ்சு கெடக்கு, பொசுக்குன்னு முறிஞ்சிரும். ஏணியும் கயிறும் எடுத்தாரச் சொல்லுங்க, இல்லன்னா வெயில் வரட்டும்"னான். ஏணி எட்டு கிலோமீட்டருக்கு அந்தாண்ட ஸ்டோர்ல கெடக்கு. சாரல்ல வெயில எங்க போயித் தேட? "ஏறுல"ன்னேன். ஏறுனான். நான் சொன்னேன்தான், இல்லங்கல. வேலை சொல்லுதது என் வேலை. ஏறுதது அவன் வேலை. முறியுதது மரத்தோட வேலை. இதுல என் தப்பு எங்க வருது?

கொப்போட விழுந்தான். தண்டவாளத்துல தலை. அங்கயே முடிஞ்சுபோச்சு.

மறுநா இன்ஸ்பெக்ஷன், எனக்கு அந்த மாசம் பதவி உயர்வு. நின்னு அழ நேரம் இருக்கா? யோசிச்சேன். லைன் பக்கத்துக் கொப்பு முறிஞ்சுதுன்னா அவன் வேலை செய்தான்னு அர்த்தம். வேலைன்னா யாரு ஏறச் சொன்னா, ஏணி எங்க, கயிறு எங்கன்னு கேள்வி வரும். வேலிப் பக்கத்துக் கொப்பு முறிஞ்சுதுன்னா? பழத்துக்கு ஆசப்பட்டு, சாப்பாட்டு நேரத்துல அவனா ஏறினான், விழுந்தான். ஒரு கேள்வி கெடையாது. ஒத்தக் கொப்புல இருக்கு விசயம். உடம்பத் தூக்கி வேலி ஓரமாப் போடச் சொன்னேன். சாயந்தரத்துக்குள்ள மரத்த அடியோட அறுத்து, துண்டு போட்டு, வேகன்ல ஏத்தியாச்சு. மரம் அறுக்குத வாளோட ஒரு முனையில கொம்பையா நின்னான். வேற ஆளு யாரு இருக்கா அந்த மழையில? அழுதுக்கிட்டே இழுத்தான், நல்லாத்தான் இழுத்தான்.

ரிப்போர்ட்டுல சாட்சிக் கையெழுத்தும் அவந்தான். சொந்த அண்ணன் போட்ட கையெழுத்துக்கு மேல என்ன வேணும்? மொதல்ல முரண்டு பிடிச்சான். "நீ போடலன்னா, ஏணி இல்லாம அவன ஏத்திவிட்டது கீமேன் கொம்பையாதான்னு எழுதிருவேன், வேலையும் போகும், தம்பியக் கொன்ன பேரும் வரும்"னேன். எழுதுவேன்னு சொன்னேனே ஒழிய, எழுதினேனா? எழுதலயே. அப்படி ஒருத்தனக் காப்பாத்தி விட்டிருக்கேன். விசாரணைக்கு வந்த ஆபீஸரு ரெண்டு கேள்வி கேட்டாரு, மூடிட்டாரு.

அதுக்கப்புறம் ஊர்ல அந்த வீட்டுக்கு நாவப்பழ வீடுன்னு பேரு வச்சிட்டானுவ. பழந் திங்க ஏறிச் செத்தவன் வீடு. முப்பிடாதி தண்ணிக்குப் போனாலும், "நாவப்பழம் வாரா"ம்பாளுவளாம். அதுக்கு நான் என்ன செய்ய? ஊர் வாய நான் தைக்க முடியுமா?

இப்பச் சொல்லுங்க, இருபத்திரண்டு வருசம் கழிச்சு, அதே ஆபீஸரு வந்து குனிஞ்சு பாக்குத எடத்துல, நான் என் கையால நம்பர் எழுதுன கம்பத்துக்கு எதிர, லைன் பக்கம் முறிஞ்ச கொப்போட ஒரு நாவமரத்தக் கொண்டாந்து ஊனுதான்னா, இவன் நல்லவனா?

மறுநா வந்ததும் கேட்டேன். "ஏலே, எந்தக் கொப்புல முறிஞ்சிருக்கு?"

"முறிஞ்ச கொப்புதாம்யா."

"ரிப்போர்ட்டுல எந்தக் கொப்பு?"

"அய்யா, அறுபது மரம் நீங்க சொன்னபடி செஞ்சேன். இந்த ஒத்த மரம் மட்டும் நின்ன மாதிரி நிக்கட்டும்யா. பேரு எழுதல, ஒண்ணும் எழுதல. பாக்குதவுகளுக்கு இது வெறும் மரம்தானய்யா"ன்னான்.

விடுவேனா? "வெறும் மரம்னு ஒரு மரம் நம்ம லைன்ல கெடையாதுன்னு நீதானல சொன்ன?"ன்னேன். மூஞ்சி செத்துப்போச்சு.

அப்புறம் கால்ல விழுந்தான். நெசமாவே விழுந்தான், இந்தா, இந்த எடத்துல. "முப்பிடாதிட்ட நான் இன்னும் சொல்லலய்யா. பழத்துக்கு ஏறித்தான் செத்தான்னு அவளும் நெனச்சுக்கிட்டு இருக்கா. பல தடவை சொல்லப் போவேன், வாய் வராது. மரத்தக் காட்டிரலாம்னுதான் செஞ்சேன். அவ பாத்தாப் போதும். அவ பாத்த பொறவு நானே பிடுங்கிருதேன்"ன்னான்.

"சரி, காட்டு. பாத்துட்டு அவ என்ன கேப்பா? 'அப்போ கையெழுத்து எதுக்குப் போட்டீய'ன்னு கேப்பா. என்னல சொல்லுவ?"ன்னேன். அவ்வளவுதான். ஒரு கேள்வி. ஆளு அப்படியே அடங்கிட்டான். எனக்கு ஆளுகள நடத்தத் தெரியும் தம்பி, முப்பத்தாறு வருசம் நடத்தியிருக்கேன்.

மரத்த வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்னான். முடியாதுன்னேன். வீட்டுல வச்சா நாளைக்கு அது சாட்சியாயிரும்லா? கட்டிங் பிளேயர அவன் கையில குடுத்து, "நீயே வெட்டு"ன்னேன். வெட்டுனான். ஒவ்வொரு கொப்பாத்தான் வெட்டுனான், மேலருந்து கீழ, நெசமான மரத்த வெட்டுத மாதிரியே. அதுவும் பதினாலு துண்டான்னு நான் எண்ணல. பெருக்கி அள்ளிக் குப்பையில போட்டான்.

அடுத்த மரத்த இங்க, என் முன்னால வச்சே செய்யணும்னுட்டேன். மூணு நாள் ஆச்சு. லைன் பக்கத்துக் கொப்பு முழுசா, வேலிப் பக்கத்துக் கொப்பு முறிஞ்சு. நான் பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்து, "பழம் நாலு வைல, பழம் தெரியட்டும்"னேன். கடுகுல ஊதா மை தொட்டு வச்சான். ஒண்ணு கீழ விழுந்துது, தேடி எடுத்து வைக்கச் சொன்னேன். வேலைன்னா வேலை சுத்தமா இருக்கணும். என் வீட்டுக்காரி காப்பி கொண்டுவந்தவ, அவன் மூஞ்சியப் பாத்துட்டு தம்ளர அப்படியே வச்சிட்டுக் கீழ போயிட்டா. இன்னைக்கு வரைக்கும் மாடி ஏறல. மூட்டு வலின்னு சொல்லுதா.

லைன பலகை பலகையாக் கழட்டி ஹாலுக்குக் கொண்டுபோனோம், எக்ஸிபிஷன்ல என்ன கூட்டம்ங்கீய! பள்ளிக்கூடத்துப் பிள்ளையளே முந்நூறு பேரு இருக்கும். ஆபீஸரு வந்தாரு, காது மந்தம், கண்ணு நல்லாத்தான் தெரியுது. வரிசையாப் பாத்துக்கிட்டே வந்தவரு 31/6-ல நின்னாரு. கம்பத்து நம்பர வாசிச்சாரு. குனிஞ்சாரு. மரத்தச் சுத்திப் பாத்துட்டு, "குற்றாலிங்கம், ரிப்போர்ட்ல உள்ளபடியே வச்சிருக்கீரே வே"ன்னு என் தோள்ல தட்டுனாரு. அந்தத் தட்டு ஒண்ணு போதும் தம்பி எனக்கு.

அந்த நேரம் பாத்து வாரான் கொம்பையா. பின்னாலயே முப்பிடாதி. கூட்டிட்டு வரமாட்டான்னு நெனச்சேன், அவ விடல போலுக்கு. முன்னமே நாள் சொல்லி வச்சிருந்தான்லா, நல்ல சீலை உடுத்தி, தலைய வழிச்சுச் சீவி வந்திருக்கா. இந்த வயசுல ரயில் பாக்க ஆசை. நேரா வந்து, "எது பெரியத்தான்?"ன்னா. இவன் கம்பத்து நம்பரயே பாத்துக்கிட்டு நிக்கான். சரி, கூட்டத்துல வந்து நிக்கா, பாவம்னு நானே சொன்னேன். "இந்தா பாரு தாயி, இதான் முப்பத்தொண்ணு பை ஆறு. இதான் அந்த மரம். இந்தா, வேலிப் பக்கத்துக் கொப்பு, பழத்தோட முறிஞ்சு கெடக்கு பாரு. உன் புருசனோட அண்ணன், உன் பெரியத்தான் கையால செஞ்சது"ன்னேன்.

குனிஞ்சு பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. பின்னால வரிசை நிக்கு, "தள்ளும்மா"ங்கான் ஒருத்தன். அவ தள்ளல. நிமிந்து இவனப் பாத்து, "வேலிப் பக்கத்துக் கொப்பா பெரியத்தான்?"ன்னா.

இவன் என்னப் பாத்தான். நான் ஆபீஸரப் பாத்தேன். "சொல்லுல. வேலிப் பக்கத்துக் கொப்புதான?"ன்னேன்.

"ஆமாய்யா"ன்னான்.

அவ கேட்டதுக்கு என்னப் பாத்து பதில் சொல்லுதான்!

முப்பிடாதி சத்தம் போடல. அழுவாளோன்னு நெனச்சேன், அதுவும் இல்ல. மெதுவாத்தான் சொன்னா, பக்கத்துல நின்னதால எனக்குக் கேட்டுது. "அன்னைக்கு நான் கஞ்சி கொண்டாந்தேன் பெரியத்தான். மரத்த அறுக்குததுக்கு முந்தியே வந்துட்டேன். கொப்பு தண்டவாளத்து மேல கெடந்துது. அதத் தாண்டித்தான் அவுக பக்கத்துல போயி விழுந்தேன். கொப்பு லைன் மேல கெடக்கு, அவுக வேலி ஓரத்துல கெடக்காக. எனக்குக் கண்ணு இல்லயா? நீங்க கையெழுத்துப் போட்டதும் தெரியும். உங்களுக்கும் பிள்ளையள் இருந்துது, என்ன செய்வீகன்னு விட்டுட்டேன். என்னைக்காவது ஒருநா உங்க வாயால சொல்லுவீக, சொன்னாப் போதும்னு இருபத்திரண்டு வருசமா உங்களுக்குச் சோறு போட்டேன். இன்னைக்குச் சொல்லத்தான் கூப்பிடுதீகன்னு நெனச்சு வந்தேன்"ன்னா.

அவ்வளவுதான். முந்தானைய இழுத்துச் சொருகிட்டு வாசல்ப் பக்கம் போயிட்டா. இவன் கூடப் போகல. ஆபீஸரு என் காதுகிட்ட குனிஞ்சு, "என்ன வே சொல்லுதா?"ன்னாரு. "மரம் நல்லா இருக்குங்கா சார்"னேன். "ஆமா ஆமா, நல்லாத்தான் இருக்கு"ன்னாரு.

நான் கேக்கேன், பொம்பளைக்கு எல்லாம் முன்னமே தெரிஞ்சிருக்கு. அன்னைக்கே தெரிஞ்சிருக்கு! அப்போ நான் கொப்ப மாத்துனதுல யாருக்கு என்ன நஷ்டம்? ஒண்ணுமில்ல. எனக்குத்தான் ஒரு மரம் வீணாப்போச்சு. மொத மரம் இதவிட நல்லா வந்திருந்துது, அது எனக்கே தெரியும்.

முதல் பரிசு நமக்குத்தான். இயற்கைக் காட்சிக்குன்னு குடுத்தானுவ, ரயிலுக்குன்னு குடுக்கல, அது வேற எரிச்சல். என் பேருலதான் சர்டிபிகேட்டு. அந்தா, சுவத்துல தொங்குது. கொம்பையா ஹால் மூடுத வரைக்கும் அந்த மரத்துகிட்டயே நின்னான். ஏதோ ஒரு பிள்ளை வந்து, "தாத்தா, இது நெச மரமா?"ன்னு கேட்டதுக்கும் தலைய ஆட்டிக்கிட்டு நின்னான்.

அதுக்கப்புறம் வரல. ஆள் விட்டேன், வரல. நானே போனேன், பாத்துக்கிடுங்க, இன்ஸ்பெக்டர் நானு கீமேன் வீட்டுக்குப் போறேன்! அவன் வீட்டுக்கும் முப்பிடாதி வீட்டுக்கும் ஒரே சுவருதான். முன்னாலல்லாம் அந்த வீட்டுலருந்துதான் இவனுக்குச் சோறு வரும், பொண்டாட்டி செத்ததுலருந்து அவதான் பொங்கிப் போடுவா. இப்ப அவ அந்தப் பக்கத்துக் கதவ அடைச்சு, குறுக்க ஒரு பலகை அடிச்சிட்டா. இவன் நார்க்கட்டில்ல உக்காந்திருக்கான். மேல்சட்டை இல்ல. பக்கத்துல யாரோ கடையிலருந்து வாங்கி வச்ச இட்லி, ஈ மொய்க்கி.

"ஏலே கொம்பையா, நாப்பது மரம் பாக்கி கெடக்கு, நாளைக்கு வா"ன்னேன்.

"ஆமாய்யா"ன்னான்.

"காலையில எட்டு மணிக்கு வரணும்."

"ஆமாய்யா."

எனக்கு ஒரு மாதிரியா இருந்துது. "சாப்பிட்டியால?"ன்னேன். "ஆமாய்யா." "இட்லி அப்படியே கெடக்கே, சாப்பிடலயா?" "ஆமாய்யா." என்னப் பாத்துக்கிட்டே சொல்லுதான், கண்ணுல ஒண்ணுமில்ல. எதக் கேட்டாலும் அது ஒண்ணுதான் வருது. மகன் வந்து டாக்டர்ட்டயும் காட்டிட்டானாம், அங்கயும் அதேதானாம்.

நடிப்பு தம்பி. வேலை செய்யாம இருக்க நடிப்பு. எத்தனை பேரப் பாத்திருக்கேன்.

இப்ப நீங்க வந்திருக்கீய. உங்க பொம்மை ரயில் லே-அவுட்டுக்கு அம்பது மரம் வேணும்ங்கீய. விலாசம் தாரேன், போங்க, நான் தடுக்கல. புளி வேணுமா, வேம்பு வேணுமா, எது வேணும்னாலும் கேளுங்க. ஆமான்னுதான் சொல்லுவான்.